நகரா முரசும் அப்பாவின் கையும்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நேற்று போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சு இன்னும் குழறுகிறதே தவிர, காது முன்னைவிடக் கூர்மை.

"ஏஐதான் அப்பாவைக் காப்பாத்துச்சாமே?" என்றாய். பாதி உண்மை. மீதியைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அன்று காலை ஐந்தரைக்கு, வாசல் தெளித்துக்கொண்டிருந்த என்னிடம் அப்பா நன்றாகத்தான் பேசினார். ஆறு மணிக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. நான் அது பக்கவாதம் என்று தெரியாமல், பித்தம் என்று நினைத்து, சூடாகக் காபியை வாயில் ஊற்றினேன். புரையேறிவிட்டது. அந்த நேரத்தில் விழுங்குகிற சக்தியே போயிருக்கலாம், சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எதிர்வீட்டு மாமா புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி, ஆள்கூட அனுப்பிவிட்டார். 108-ஐக் கூப்பிடும்போது மணி ஏழரை. ரத்தம் போகாத மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் செல்கள் செத்துப்போகுமாம். நீ கணக்குப் போட்டுப் பார்க்காதே, நான் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் சி.டி. ஸ்கேன். அடைப்பா, ரத்தக்கசிவா என்று தெரியாமல் மருந்தில் கை வைக்க முடியாது. அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடலாம். அங்கே நரம்பியல் டாக்டர் கிடையாது. படம் கம்ப்யூட்டருக்குப் போன சில நிமிடங்களில், அதிலிருந்த ஏஐ கசிவுக்கு அடையாளம் இல்லை என்று காட்டியது. அடைப்பு விஷயத்தில் அதை அப்படியே நம்ப முடியாதாம். ஆரம்ப நேரத்தில் அடைப்பு படத்தில் சரியாகத் தெரியாது. மதுரையில் இருந்த டாக்டர் அதே படத்தைத் தன் போனில் பார்த்து, அப்பாவின் கை கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் ஊசி போடச் சொன்னார்.

எனக்கு அப்போது நகரா மண்டபம் ஞாபகம் வந்தது. நம் வைத்தியநாதர் சந்நிதியில் திருமலை நாயக்கருக்கு வயிற்றுவலி தீர்ந்தது என்று ஆச்சி சொல்லுவாளே. இங்கே பூஜை முடிந்தது என்ற சேதி மதுரை அரண்மனைக்கு எட்ட, வழி நெடுக மண்டபம் கட்டி முரசு மாற்றி முரசு அடித்தார்களாம். நடுவில் ஒரு மண்டபத்தில் முரசடிப்பவன் தூங்கியிருந்தாலும் சேதி நின்றுபோயிருக்கும். நம் வீட்டில் தூங்கிய முரசு நான்தான்.

உன் ஏஐ தொழில்காரர்களைக் குறை சொல்லவில்லை. மும்பை கியூர் ஏஐ கம்பெனி நம் நாட்டு ஆஸ்பத்திரிகளின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தலை ஸ்கேன்களை வைத்து மென்பொருளைப் பழக்கிச் சோதித்து, 2018-ல் 'லான்செட்' இதழில் கட்டுரை போட்டது. பெரிய டாக்டர் இல்லாத சின்ன ஊர்களுக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் அது வேலை செய்ய, ஆள் ஸ்கேன் அறைக்குள் வந்து சேர வேண்டுமே!

அப்பாவின் கைப்பயிற்சிக்கு நீ அனுப்புவதாகச் சொன்ன வெளிநாட்டு ரோபோ கையுறை இப்போது வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்று கைப்பயிற்சிக் கருவி ஒன்று செய்து 2025-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மேஜைமேல் வைக்கிற அளவுதான். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அதுவரை 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பதைச் செய்கிறோம். அவள் போனபிறகு அப்பா என்னை ஏமாற்றப் பார்க்கிறார், "பத்து தடவை ஆச்சு" என்று ஏழிலேயே நிறுத்துகிறார். நீ வீடியோவில் எண்ணினால் ஏமாற்ற மாட்டார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடு. கையுறைக் காசைவிட அதுதான் எனக்கு வேண்டும்.

இன்று காலை சட்டைப் பொத்தான் இரண்டை அவரே போட்டார். மூன்றாவது தப்பான துளையில் ஏறிவிட்டது. நான் திருத்தவில்லை. அப்படியே கோவிலுக்குக் கூட்டிப்போனேன்.

அன்புடன்,
அக்கா