அவனுக்கு என்னைத் தெரியல

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் வீட்டு நெட் இணைப்புகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. புகார் பெரும்பாலும் ஒரே வரியில் வரும்: "வைஃபை வரலை." போய்ப் பார்த்தால் எலி ஃபைபரைக் கடித்திருக்கும், இல்லையென்றால் அடாப்டர் வலுவிழந்து ரவுட்டர் பெட்டி அணைந்து அணைந்து எரியும். சில வீடுகளில் பில்லே கட்டியிருக்க மாட்டார்கள். இதில் எதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை.

அதனால் முதலில் லேன் ஒயரை எடுத்துப் பெட்டியில் குத்தி, லேப்டாப்பில் பார்ப்பேன். ஒயரில் நெட் ஒழுங்காக ஓடினால் பெட்டி வரைக்கும் பழுதில்லை; கோளாறு பெட்டிக்கும் போனுக்கும் நடுவில். அடுத்து, பெட்டி எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்று அதன் செட்டிங் பக்கத்தில் பார்ப்பேன். காலையிலிருந்து கரண்டே போகவில்லை என்கிறார்கள், பெட்டியோ 40 நிமிடம்தான் காட்டுகிறது என்றால் அடாப்டரை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எடுத்த எடுப்பில் ஊசியை விட்டு ரீசெட் அழுத்துகிறார்கள். பழைய கணக்கு, நெட் பாஸ்வேர்டு எல்லாம் அதோடு போய்விடும். அப்புறம் எதை வைத்துத் துப்புத் துலக்குவது?

ஓர் ஆச்சி வீட்டுக்குப் போனது மறக்காது. பழைய செட்டிநாட்டு வீடு. எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து, போனில் மூன்று கோடு தெரிவதைக் காட்டி, "சிக்னல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "என்ன செய்யுது ஆச்சி?" என்று கேட்டேன்.

"சிங்கப்பூர்ல இருக்க பேரனை எனக்கு நல்லாத் தெரியுது தம்பி. பேசுறதும் கேக்குது. அவனுக்குத்தான் என்னைத் தெரியல. 'அப்பத்தா, அப்படியே நின்னுட்டீங்க'ங்கிறான்."

பாதி வேலையை ஆச்சியே முடித்துவிட்டார். போனில் தெரியும் கோடு, பெட்டி பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதற்கு மட்டுமே கணக்கு. போன் பேசுவது பெட்டிக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. பெட்டிக்குக் குரல் பெரிது. கையடக்கமான போன் பேட்டரிக்குப் பயந்து முணுமுணுக்கும். அவர் உட்காரும் இரண்டாங்கட்டில் வேகம் பார்த்தேன். இறங்குவது 18 எம்பி, ஏறுவது அரை எம்பிகூட இல்லை. இந்த இரண்டாவது எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

பெட்டி எங்கே என்று தேடினால், முகப்பை ஒட்டிய அறையில், பழைய இரும்புப் பெட்டிக்குப் பின்னால். விலையுயர்ந்த பொருளை வேறு எங்கே வைப்பார்கள்! அங்கிருந்து இரண்டாங்கட்டுக்கு வர அலை மூன்று தடித்த சுவர்களைத் துளைக்க வேண்டும். போதாததற்கு, பேர் 5ஜி என்று முடியும் வைஃபையோடு போனை இணைத்திருந்தார்கள். அது செல்போன் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். பக்கத்தில் பறக்கும், சுவரைக் கண்டால் பெட்டியின் இன்னொரு அலைவரிசையான 2.4-ஐ விடச் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை வாங்கச் சொல்லியிருந்தாராம் கடைக்காரர். சிக்னல் செத்த இடத்தில்தான் எல்லோரும் அதை மாட்டுகிறார்கள். தனக்கே காது கேட்காதவன் அடுத்தவனுக்கு என்னத்தை எடுத்துச் சொல்வான்? வேண்டாம் என்றேன்.

அந்த வீடுகளில் ஒரு வசதி உண்டு. தெருவில் நின்று பார்த்தால் வாசல்கள் ஒரே கோட்டில் பின்கட்டு வரை தெரியும். வெளிச்சமும் காற்றும் போகிற அந்த வழியில் வைஃபையும் போகும். அறைக்குள் சுருட்டி வைத்திருந்த மிச்ச ஃபைபரை அவிழ்த்தேன். அதை இறுக்கி மடக்கக் கூடாது; மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்க ஆச்சி விடவில்லை. உள்முற்றமான வளவுக்குப் போகும் நிலைக்கு மேலே ஒரு மரப்பலகை இருந்தது. நிலையில் செதுக்கிய கஜலட்சுமியை மறைக்கக் கூடாது என்ற கட்டளையோடு அனுமதி கிடைத்தது. பெட்டியை ஓரமாக வைத்து, போனை 2.4-க்கு மாற்றினேன். இரண்டாங்கட்டில் ஏறும் வேகம் 9 எம்பி ஆனது. அலை நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போட்டுவைத்த வழியில் போயிற்று. நான் செய்தது பெட்டியை நாலு கஜம் நகர்த்தியதுதான். அதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருந்தது. ஆச்சி விடவில்லை, காபியும் கொடுத்தார்.

அடுத்த முறை எங்களைக் கூப்பிடும்போது "வைஃபை வரலை" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த அறையில், எந்த நேரத்தில், யாருக்கு யாரைத் தெரியவில்லை என்பதையும் சொல்லுங்கள்.