வியன்னாவில் ஓர் அடங்காத தந்தி

சங்கீதப் பிரியர்களுக்கு வியன்னா ஒரு யாத்திரைத் தலம். பீத்தோவன் 1827 ஆம் ஆண்டிலும் ஷூபேட் 1828 ஆம் ஆண்டிலும் கண்மூடியது இந்நகரிலேயே. அந்த 1828 இலேதான் இக்னாஸ் போசன்டோர்ஃபர் என்பார் இங்குப் பியானோ செய்யுந் தொழிலைத் தொடங்கினார். 1870 இல் திறக்கப்பட்ட முசிக்வெரைன் மாளிகையின் பொன்மயமான மண்டபத்தைப் பார்த்து நாமும் வியந்தோம். எனினும், நம் மனத்தில் ஆழப் பதிந்தது, வேறொரு சிறிய மண்டபத்திற் பியானோ திருத்துநர் ஒருவர் செய்த வேலையே.

ஒன்பதடி நீளப் பியானோ அது. கட்டையிலிருந்து விரலை எடுத்த பின்னும் ஒரு மெல்லிய ரீங்காரம் அடங்காது நின்றது. மாலையிற் கச்சேரி. இசைவாணர் இடையிடையே விடும் மௌனத்தை அது கெடுத்துவிடுமன்றோ?

பியானோத் தந்திகளின்மேல் கம்பளி பொதிந்த தடைகள் உண்டு. விரலை எடுத்ததும் அவை தந்தியிற் படிந்து ஒலியை அடக்கும். உச்சியிலுள்ள சுமார் இருபது கட்டைகளுக்கு மட்டும் தடை இல்லை. அக்குறுந்தந்திகளின் ஒலி தானே விரைவில் மடிந்துவிடும்.

திருத்துநர் முதலில் வலப்புற மிதியைச் சோதித்தார். அது இறுகியிருந்தால் தடைகள் யாவும் மயிரிழை உயர்ந்தே நிற்கும். அதிற் குறையில்லை. பின்னர், ஒரு கட்டையைச் சட்டெனத் தட்டிவிட்டு, தந்திகளை ஒவ்வொன்றாக விரலாற் தொட்டு வந்தார். ஒரு ஸ்தாயி கீழேயுள்ள தந்தியைத் தொட்டதும் ரீங்காரம் நின்றது. தட்டியது ஒன்று, ஒலித்தது வேறொன்று! இணங்கிய சுரமுடைய தந்தி இவ்வாறு தானும் அதிர்வதை நம் நாட்டுப் பௌதிக நூல்கள் ‘பரிவு’ என்னும். எத்துணைப் பொருத்தமான சொல்! அச்சுரத்துக்குரிய தடை சற்றே சாய்ந்து, மூன்று தந்திகளுள் ஒன்றைத் தொடாதிருந்தது. அதனைத் தாங்கிய கம்பியை நிமிர்த்தினார்; ஒலி அடங்கிற்று.

தந்திகள் பாலத்துக்கு அப்பாலும் சிறிது நீண்டிருந்தன. அங்கே தடையில்லை. “அவற்றிடையேயும் கம்பளி நாடாவைச் செருகிவிடலாமே?” என்றோம். அவர் தலையசைத்து மறுத்தார். மேற்சுரங்களில் அப்பகுதியும் உடன் ஒலித்து நாதத்துக்கு மெருகூட்டும் அமைப்புக்கு ஸ்ரைன்வே நிறுவனத்தார் 1872 இல் உரிமை பெற்றனர். அதனை முற்றாக அடக்கினால் பியானோவின் ஒளியே மங்கிவிடும்.

குற்றமான ஒலியை நீக்குவது மட்டுமன்று, குணமான ஒலியை விட்டுவைப்பதும் திருத்துநரின் கலையே என்பதை நாம் வியன்னாவிற் கற்றோம்.