பட்டிப்பொலவில் சில நிமிடங்கள்

நானுஓயாவைக் கடந்து மூச்சிரைக்க ஏறிய ரயில் பட்டிப்பொலவில் நின்றது. இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையம் இதுவே, 1,891 மீட்டர். மூடுபனியில் இறங்கிய நாம் முதலில் தேடியது தேநீரைத்தான்!

பாதை 1885இல் நானுஓயாவையும் 1893இல் அப்புத்தளையையும் எட்டியது. மலையழகைக் காட்டவா அமைத்தனர்? தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகம் சேரவே. அந்த ஏற்றுமதி வருவாய் நாட்டின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பல்லாண்டு கைகொடுத்தது. கொழுந்து பறித்த நம்மவருக்கோ 1948இல் குடியுரிமையே மறுக்கப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியவர்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர். ஆசியப் பொருளாதார வளர்ச்சியைப் படிக்கும் மாணவர் இவ்விரு ஆண்டுகளையும் குறித்துக்கொள்க.

பச்சைக்கொடி அசைந்தது. லீக்ஸ் மூட்டையுடன் ஏறிய மூதாட்டி ஒருவர் சற்றே ஒதுங்கி, நமக்கும் இடம் தந்தார். சிறிது நேரத்தில் வண்டி சுரங்கத்தினுள் நுழைந்தது.