ஆரணியில் ஹீட்டர் எதற்கு?

ஆரணியில் கார் வைத்திருக்கும் பலருக்கு அதில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. கத்திரி வெயிலில் வேலூர் வட்டாரமே 40 டிகிரியைத் தாண்டிக் காய்கிறது. இங்கே வண்டி வாங்குகிறவர் ஏசி எப்படி என்றுதான் கேட்பார். ஆனால் பட்டு நூலுக்காகப் பெங்களூருக்கும், சேலையோடு காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஊர்க் கார்களுக்கு, யாரும் தொடாத அந்த ஹீட்டர்தான் செலவே இல்லாத பரிசோதனைக் கருவி என்பது என் வாதம். கூலன்ட் குறைவதைப் பல சமயம் வெப்பமானியின் முள்ளுக்கு முன்பே அது சொல்லிவிடுகிறது. குளிர் ஊரில் ஓட்டுகிறவர், காலடியில் சூடு வரவில்லை என்பதை அன்றைக்கே உணர்ந்துவிடுவார். நம் ஊரில் அந்த முதல் எச்சரிக்கை கேட்பாரில்லாமல் போகிறது. நாம் கவனிப்பது பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பிய பிறகுதான்.

பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனியாக எரிபொருளோ மின்கம்பிச் சுருளோ கிடையாது. இன்ஜினைச் சுற்றிச் சூடேறி வரும் கூலன்ட்டில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டர் ஒன்றுக்குள் போய்த் திரும்புகிறது. புளோயர் அதன் வழியாகக் காற்றைத் தள்ளுகிறது. அந்தச் சிறிய ரேடியேட்டர் பல வண்டிகளில் உயரமான இடத்தில் இருப்பதால், கூலன்ட் குறைந்து காற்று புகுந்தால் அந்தக் காற்று அங்கே போய்த் தங்குகிறது. அப்போது ஓட்டத்தில் சூடாக வரும் காற்று, சிக்னலில் நின்றதும் குளிர்ந்துவிடும். வாட்டர் பம்ப் மெதுவாகச் சுழலும்போது, இருக்கிற கொஞ்சக் கூலன்ட்டை அந்த உயரத்துக்குத் தள்ள அதற்குப் பலம் போதாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் சளசளவென்று சத்தம் கேட்டால் அதுவும் இதே கதைதான்.

முள் இருக்கும்போது ஹீட்டர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காக அளக்கும். கூலன்ட் இறங்கி அது வெறும் காற்றில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் நடுவில் நிற்கலாம், கீழேகூட இறங்கலாம். போதாததற்கு, இப்போதைய கார்கள் பலவற்றில் சிறு ஏற்ற இறக்கங்கள் தெரியாதபடி முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைக்கிறார்கள்; சிலவற்றில் முள்ளே இல்லை, ஆபத்து வந்த பிறகு எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான். ஆகவே முள் நடுவில் இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், நான் முள்ளை நம்பமாட்டேன்.

அடுத்தது, நம்மிடம் ஊறிப்போன தண்ணீர் ஊற்றும் பழக்கம். வாரா வாரம் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, "வெயிலுக்கு ஆவியாயிடுது" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ரேடியேட்டர் திறந்த அண்டா அல்ல. அழுத்தத்தோடு மூடப்பட்ட சுற்று அது; மூடி ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை கொதிக்காமல் நிற்கிறது. சூட்டில் விரிவது ரிசர்வ் டப்பாவுக்குப் போய், குளிர்ந்ததும் திரும்பி வருகிறது. அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ வழி கிடைத்து வெளியேறுகிறது. அம்பாசிடர் காலத்தில் வெறும் தண்ணீரில் ஓடவில்லையா என்பார்கள். ஓடியது; அதன் பிளாக்கும் ஹெட்டும் கனத்த வார்ப்பிரும்பு. இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம். ஒருமுறை அளவுமீறிச் சூடானால் வளைந்துவிடும். போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து, முதலில் அடைபடுவது ஹீட்டரின் மெல்லிய குழாய்கள்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பட்டின் பசை சரியாகப் போகாது, சாயம் மங்கும் என்று தெரிந்து தண்ணீரைப் பார்த்துப் பார்த்து எடுக்கும் சாயப் பட்டறைகள் உள்ள ஊர் இது. அந்தக் கவனம் ரேடியேட்டருக்கும் வேண்டும் என்றே கேட்கிறேன்.

வெளியேறும் வழியைக் கண்டுபிடிப்பதற்குப் பொறுமை போதும். வண்டிக்கு அடியில் ஈரமில்லை, அதனால் ஒழுக்கில்லை என்று முடிவு கட்டக் கூடாது. சூடான இரும்பில் சொட்டுவது தரைக்கு வருமுன் காய்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு படிவை விட்டுப்போகும். ஹோஸ் இணைப்புகளிலும் வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலும் அதைத் தேட வேண்டும். உட்புறம் ஹீட்டர் ரேடியேட்டரே ஒழுகினால் காருக்குள் தித்திப்பான வாடை வரும், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போலப் புகை படியும், முன் பயணியின் காலடி விரிப்பு நனையும். அதை ஏசி தண்ணீர் என்று துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஏசி தண்ணீருக்கு நிறமும் வாடையும் இருக்காது. கூலன்ட் விரலில் வழுக்கும். (நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும், தித்திக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். திறந்த தட்டில் வடித்து வைத்தால் தெருநாய் நக்கிச் சாகும்.) வெளியே எங்கும் தடயமில்லை, ஆனாலும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்: சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் இடைவிடாத குமிழி, சில சமயம் பால் கலந்தது போன்ற ஆயில். குளிர்ந்த இன்ஜினில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, பம்பின் அழுத்தமானி முள் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்த மூடியே குற்றவாளியாக இருக்கலாம். மூடியை மாற்ற ஆகும் செலவு ஹெட்டைக் கழற்றும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஹீட்டர் குளிர்ந்தாலே கூலன்ட் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அளவு சரியாக இருந்தும் சூடு வராவிட்டால், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்கலாம். ஒன்று சுட்டு மற்றது சில்லிட்டால் அடைப்பு, அல்லது மூடிய வால்வு. இரண்டும் சுட்டால் கோளாறு உள்ளே காற்றைத் திருப்பும் தகட்டில். இரண்டும் வெதுவெதுப்பாகவே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். இல்லையேல், யாரோ அதைக் கழற்றியே எறிந்திருக்கலாம். இன்ஜின் சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு அனுப்பும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரம் பிடிக்கிறது, பெட்ரோல் வீணாகிறது, முதலில் சூடானதற்கான காரணமோ உள்ளேயே கிடக்கிறது.

மாதம் ஒருமுறை, வண்டி நன்றாக ஓடி வந்த பிறகு, ஏசியை அணைத்துக் குமிழைச் சிவப்புக்குத் திருப்பி இரண்டு நிமிடம் வைத்தால் போதும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டப்பாவின் கோட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போதோ, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் ஏறும்போதோ முள் மேலே போனால், ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அந்தச் சிறிய ரேடியேட்டரும் இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். அனல் காற்று வந்தால் கூலன்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓரம் கட்ட இடம் தேடும் வரை மெதுவாகப் போகலாம். குளிர்ந்த காற்று வந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மூடியின் மேல் கை வைப்பது இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான்.