ஊட்டியில் வேகாத பருப்பு

1983-ம் வருஷம் என் கணவருக்கு ஊட்டிக்கு மாற்றலாயிற்று. கைக்குழந்தையோடு போய்ச் சேர்ந்தேன். மறுநாளே தகராறு ஆரம்பம். துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்றது! சென்னையில் முக்கால் மணியில் குழைந்துவிடும் பருப்பு, இங்கே ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதித்தும் நறுக்கென்று நின்றது. "உன் பருப்பு இங்கே வேகாது!" என்று இவர் கேலி வேறு.

பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று மளிகைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். ஸ்டவ் திரியை ஏற்றி ஏற்றி மண்ணெண்ணெய்தான் தீர்ந்தது. அரைவேக்காட்டுப் பருப்பை மசித்து ஊட்டியதில் குழந்தைக்கு வயிறு உப்பி, ராத்திரி முழுக்க அழுகை. கூடவே நானும் அழுதேன்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான் புரிய வைத்தார். "பருப்பு மேலே குற்றமில்லைம்மா. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீர் ஆவியாகக் கிளம்பாமல் அமுக்கிப் பிடிப்பது அந்த அழுத்தம்தான். பிடி தளர்ந்தால் சீக்கிரமே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரியில் கொதிப்பது இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அப்புறம் எத்தனை தீ எரித்தாலும் தண்ணீர் வற்றுமே தவிர, சூடு ஏறாது."

சீராக வந்த பிரஷர் குக்கர் ஒன்று என்னிடம் இருந்தது. வெடித்துவிடுமோ என்ற பயத்தில் பரணிலேயே கிடந்தது. அன்றைக்கு இறக்கினேன். மூடிய குக்கருக்குள் நீராவி அழுத்தத்தைக் கூட்டுவதால், சமவெளியில் சூடு சுமார் 120 டிகிரி வரை ஏறும். ஊட்டியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதற்காக இரண்டு விசில் கூடுதலாக விட்டேன். பருப்பு வெண்ணெயாக மசிந்தது!

பயம் போகலாம், கவனம் போகக்கூடாது. மூடியிலுள்ள ஆவிக்குழாயில் அடைப்பில்லை என்று பார்த்த பிறகே வெயிட்டைப் போடுங்கள். பருப்பு நுரைத்துப் பொங்கும். குக்கரில் நேராகப் போட்டால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவி முழுக்க அடங்குமுன் மூடியைத் தொடவே கூடாது. இவ்வளவு உயரமான ஊர்களில், குடிக்கிற தண்ணீரையும் கொதி வந்ததும் இறக்கிவிடாமல் 3 நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

மளிகைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "புதுசா மலையேறி வர்ற அம்மாங்க முதல் மாசம் என்னைத் திட்டத்தான் செய்வாங்க" என்று சிரித்தவர், குழந்தையின் கையில் ஒரு வர்க்கியைக் கொடுத்தார்.