மறைக்க வேண்டாத போத்தல்

யாழ்ப்பாணத்துக் கல்யாண வீட்டிலிருந்து எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு காலத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு வாழைப்பழம் போதுமாயிருந்தது. பின்னர் மெழுகுத்தாளிற் சுற்றிய கேக் துண்டு வந்தது. அதன்பின் குங்குமச் சிமிழ், சிறு எவர்சில்வர் கிண்ணம், அண்மைக்காலமாக மரக்கன்று. இப்போது போத்தல் வந்திருக்கிறது. மணமக்களின் பெயரும் திகதியும் அச்சிட்ட சிறு போத்தலில் ஏதேனும் ஒரு பானம். புலம்பெயர்ந்த உறவினரின் கல்யாண மண்டபங்களிற் பிறந்த இவ்வழக்கம், அவர்களுடைய கைத்தொலைபேசிப் படங்கள் வழியே ஊருக்கும் வந்துசேர்ந்துவிட்டது.

கொடிகாமத்தில் என் தங்கையின் மகளுக்கு ஆவணியிற் கல்யாணம். நானூறு விருந்தினர். தலைக்கு 200 ரூபாவுக்கு மேற்படாமல் மதுக் கலக்காத ஒரு போத்தல் பானம் தேடித் தரும் பொறுப்பு, கொழும்பிலிருக்கும் என் தலையில் விழுந்தது. பத்திரிகைக்காரனுக்கு எல்லாரையும் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் இன்னும் அழியவில்லை.

கேட்பதற்குச் சிறிய வேலை. ஆனால் தங்கையின் வீட்டில் போத்தல் என்பது சாதாரணச் சொல் அன்று. அவளுடைய கணவர் 2011இல் இறந்தார். ஈரல் கெட்டு இறந்தார் என்று வைத்தியர் எழுதினார். எதனாற் கெட்டது என்பதை ஊர் அறியும். நல்ல மனிதர், கைதேர்ந்த கமக்காரர். அவர் மறைந்த பின்பும் சில மாதங்கள், கிடுகு வேலியைப் பிரித்து மேயும்போதும் வைக்கோற் போரை இறக்கும்போதும் வெற்றுப் போத்தல்கள் வெளிவந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொன்றையும் தங்கை ஒன்றும் பேசாமல் எடுத்துக் கழுவிக் கிணற்றடியில் அடுக்கினாள். மகளுக்கு அப்போது வயது பதின்மூன்று.

ஆகவே றொறன்ரோவிலிருக்கும் எங்கள் தம்பி, தங்க நிறத் தாளும் தக்கையும் கொண்ட, ஷாம்பெயின் போலவே தோன்றும் மதுவற்ற பானத்தின் படத்தை அனுப்பி, "அண்ணை, இதில துளி வெறியும் இல்லை, செலவு என்ர பொறுப்பு" என்று எழுதியபோது, தங்கை அதை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் திருப்பித் தந்தாள். "உள்ளுக்கு என்ன இருக்குதெண்டது ஆருக்குத் தெரியும் அண்ணை? எங்கட வாசலால ஒரு போத்தல் வெளியில போறதெண்டால், அது ஒருத்தரும் மறைச்சுக் கொண்டு போகத் தேவையில்லாத போத்தலாய் இருக்க வேணும்" என்றாள். அதன்பின் அந்தப் பேச்சை எவரும் எடுக்கவில்லை.

முதலில் நினைவுக்கு வந்தது சோடா. எங்கள் பக்கத்தில் நுரைக்கும் இனிப்புப் பானம் அனைத்துக்கும் சோடா என்றே பெயர். கிறீம் சோடா, நெக்ரோ, ஒறேஞ் பாளி என்று யானை மார்க் போத்தல்கள் பெட்டி பெட்டியாகக் கல்யாண வீட்டு விறாந்தையில் இறங்கிய காலம் என் வயதினருக்கு மறக்காது. அக்காலத்துச் சோடா மலிவாக இருந்ததன் இரகசியம் அதன் கண்ணாடி. போத்தல் கொம்பனிக்குச் சொந்தம். நாம் வாங்கியது உள்ளிருந்த பானத்தை மட்டுமே. கல்யாணம் முடிந்ததும் மாமா ஒருவர் கொப்பியும் பென்சிலுமாக நின்று வெற்றுப் போத்தல்களை எண்ணுவார். குறைந்தால் காசு கட்ட வேண்டும். விருந்தினர் அங்கேயே குடித்துவிட்டுப் போகலாம், வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. அன்பளிப்பாகக் கொடுப்பதென்றால் போத்தலையும் சேர்த்தே விலைக்கு வாங்கியாக வேண்டும். சிறு போத்தலில் பானத்தைவிட அதை ஏந்தி நிற்கும் பாத்திரத்துக்கே கூடுதலான செலவு போய்விடுகிறது.

இன்றைய பிளாஸ்ரிக் போத்தற் சோடா அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். ஆனால் எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய ஒன்றின்மேற் பெயரொட்டிக் கொடுப்பதில் தங்கைக்கு மனமில்லை. சீனிக் கணக்கும் இருந்தது. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் நிறக்குறி இடப்படுகிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. நீரிழிவுக் குளிசையோடு பந்திக்கு வரும் எங்கள் தலைமுறைக்குச் சிவப்புக் குறியிட்ட போத்தலைக் கையிற் கொடுத்து வழியனுப்புவது மரியாதையாகாது. இஞ்சிப் பியரை ஒருவர் பரிந்துரைத்தார். அதில் மது இல்லை என்பது உலகறிந்த செய்தி. இருந்தும் பெயரிலுள்ள பின்பாதிக்காகவே அது தள்ளுபடியாயிற்று.

இளநீரும் பனையும் நிறைந்த தென்மராட்சியில் வெளியூர்ப் பானம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் அவ்வழியே சென்று பார்த்தேன். கருப்பநீரைவிட எங்கள் மண்ணுக்குரிய பானம் வேறில்லை. தமிழகத்தார் பதநீர் என்பது அதனையே. பாளையிற் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் வடிவது கருப்பநீர். தடவாவிடின் சில மணி நேரத்திற் புளித்துக் கள்ளாகிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு விரற் சுண்ணாம்பு. கள்ளைக் கூட்டுறவுச் சங்கங்கள் போத்தலில் அடைத்து விற்கின்றன. அது வெளிநாடுகளுக்கும் போகிறது. கருப்பநீரோ அடைத்து வைப்பதற்கு இலகுவில் இணங்குவதில்லை. சுண்ணாம்பைப் பிரித்தெடுத்து, வடித்து, சூடாக்கி, காற்றுப் புகாமல் மூட வேண்டும். அளவு பிசகினால் போத்தலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கிவிடும். பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. பனை ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது, கொடிகாமத்திலிருந்து அதிக தூரமில்லாத கைதடியில். ஆயினும் பனைக்கு ஆவணிக் கல்யாணம் தெரியாது. கருப்பநீர் இறக்கும் பருவம் ஆண்டின் முற்பகுதியோடு போய்விடுகிறது.

இளநீருக்கு அதன் கோம்பையே போத்தல். வெட்டிய மாத்திரத்திற் குடிக்க வேண்டும். நானூறு இளநீரைப் பெயர் எழுதிக் கையிற் கொடுத்தனுப்புவதை நினைத்துச் சிரித்தோம்.

கடைசியில் விடை நெல்லியில் இருந்தது. யாழ்ப்பாண வீடுகளில் விருந்தினர் வந்தமர்ந்ததும் கேளாமலே வரும் குவளை நெல்லிரசம். நெல்லிக்காயை அவித்து, கொட்டை நீக்கி, சாறெடுத்து, சீனிப் பாகிற் சேர்த்துப் போத்தலில் அடைப்பார்கள். பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. அயலில் நாலைந்து பெண்கள் சேர்ந்தும் செய்கிறார்கள். நாங்கள் போனது அத்தகைய ஒரு குழுவிடம். குழுவிலிருந்த ஐவரில் மூவர் கணவரை இழந்தவர்கள். அவர்களுக்கும் எங்கள் தங்கைக்கும் இடையில் அதிகம் விளக்கம் தேவைப்படவில்லை.

கணக்குத்தான் இடித்தது. நானூறு சிறு போத்தல்களுக்கு நானூறு வெற்றுப் போத்தல், நானூறு மூடி, நானூறு சுட்டி. இலங்கையிற் கண்ணாடிப் போத்தல் வார்க்கும் தொழிற்சாலை இருப்பது தெற்கே ஹொரணையில். அங்கிருந்து கொடிகாமம் வரை பாரவூர்தியில் வருவது பெரும்பகுதி காற்றே. காற்றுக்கும் கூலி கொடுக்க வேண்டும். 200 ரூபாவுக்குள் அது அடங்காது என்று குழுவின் தலைவி கைவிரித்தார். பிறகு அவரே, "ஆளுக்கொண்டு ஏன் ஐயா? வீட்டுக்கொண்டு குடுங்கோவன்" என்றார்.

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்குத் தோன்றாத வழி அது. நானூறு விருந்தினர் என்பது ஏறத்தாழ 130 குடும்பங்கள். 200 ரூபா வீதம் 80,000 ரூபா. அதை 130ஆற் பிரித்தால் குடும்பத்துக்கு 615 ரூபா. அத்தொகைக்குள் 350 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றைச் செய்துதர அவர்கள் இசைந்தார்கள். நெல்லிரசம் செறிவானது, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்தால் ஒரு போத்தலிலிருந்து பத்துக் குவளை கிடைக்கும். சோடா வாங்கும்போது தண்ணீருக்கும் விலை கொடுக்கிறோம், அதைச் சுமந்துவரக் கூலியும் கொடுக்கிறோம். இங்கே தண்ணீர் அவரவர் கிணற்றிலிருந்து வரும். சீனி இதிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு ஊற்றுவது என்பதைக் குடிப்பவர் தீர்மானிக்கலாம்.

குடும்பத்துக்கொன்று என்றதும் தங்கை அழைப்புப் பட்டியலைப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். ஆட்களின் பெயர்களாக இருந்தவை வீடுகளாக மாறின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது, அவளுடைய வீட்டு விறாந்தையிலும் மாட்டுக்கொட்டிலிலும் ஆறு குடும்பங்கள் தங்கியிருந்தன. அந்த ஆறும் பட்டியலில் இருந்தன. அன்று அவர்களுக்குக் கொடுக்கக் கிணற்றுத் தண்ணீரும் கஞ்சியுமே இருந்தன. ஓடி ஓடி அள்ளிக் கொடுத்தவர் அவளுடைய கணவர். அவரைக் குடிகாரராக அறியாமல், தண்ணீர் கொடுத்தவராக மட்டுமே அறிந்தவர்கள் அக்குடும்பத்தார். அந்த ஆறு பெயர்களின் எதிரே அவள் சிறு புள்ளடி இட்டு, இரண்டிரண்டு போத்தல் என்று எழுதினாள்.

இதே தேடலில் இறங்குவோருக்குச் சில குறிப்புகள். வீட்டுத் தயாரிப்பாளரிடம் கல்யாணத்துக்கு இரு வாரம் முன் போய் நிற்காதீர்கள். நெல்லி காய்க்கும் காலத்திற் சொல்லிவைத்து, போத்தல் வாங்க முற்பணம் கொடுங்கள். அவர்களிடம் கைத்திறன் உண்டு, கைமுதல் இல்லை. தயாரித்த திகதியும் முடிவுத் திகதியும் சுட்டியில் இருக்கட்டும்; மணமக்களின் பெயர் அதற்குக் கீழே வரலாம். திறந்த பின் குளிரூட்டியில் வைக்கும்படியும் அச்சிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் போத்தலைப் பெரிய பயணப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். 2006ஆம் ஆண்டிலிருந்து பல விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையிற் கொண்டுபோக விடுவதில்லை.

சுட்டியில் என்ன எழுதுவது என்று மணமகளிடம் கேட்டோம். பெயர், திகதி, நன்றி என்பவற்றோடு நிறுத்திக்கொள்வாள் என்றெண்ணினேன். நான்காவதாக ஒரு வரியையும் அவள் சேர்த்தாள்: "போத்தலைக் கழுவி மேசைமேல் வைத்துப் பாவிக்கவும்."