சேம அச்சு

முதலில் சக்கரம் வந்தது. அப்புறம்தான் ஜிப்சி வந்தது.

ஹரியானாவில் சோஹ்னாவைத் தாண்டி, அறுவடை முடிந்த ஒரு வயலில் நடந்த ஆட்டோகிராஸ் பந்தயம். ஓட்டியவன் என் தம்பி. வாரத்தில் ஐந்து நாள் குர்கானில் கணக்கு பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் புழுதி கிளப்புவான். கடைசி வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடது பின் சக்கரம் பிரேக் டிரம்மோடு கழன்று தனியாக உருண்டு வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் அவனுடைய ஒன்பது வயது மகளும் நின்றிருந்தோம். நாலடி முன்னால் வைக்கோல் கட்டில் முட்டிப் படுத்துவிட்டது. குழந்தை கைதட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

முறிந்த தண்டைச் செய்தித்தாளில் சுற்றி மறுநாள் தம்பியின் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். எல்லோருக்கும் அவர் மிஸ்திரிஜி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முறிந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினார். பெரும்பகுதி கிளிஞ்சல் ஓடுபோல வழவழப்பாக, வரி வரியாக இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கற்கண்டை உடைத்தாற்போலச் சொரசொரப்பு. வரிகள் தொடங்கும் இடத்தில் கடுகளவு துருப்புள்ளி. விரிசல் அங்கே பிறந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. மிச்சமிருந்த ஓரம்தான் ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போனது.

"இது நேற்று உடையவில்லை பஹன்ஜி. பல மாதமாக உடைந்துகொண்டிருந்தது."

இந்த வண்டியில் பின் அச்சுத்தண்டுக்கு இரட்டை வேலை. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எடையைத் தாங்கிக்கொண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய லாரிகளில் எடையைத் தாங்குவது அச்சைச் சுற்றியுள்ள கூடு. அங்கே தண்டு முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும். ஜிப்சியில் பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரம் தன் வழியே போய்விடும். மாற்றுத் தண்டு வாங்குவது வெறும் பந்தய விவகாரமாக எனக்குப் படவில்லை. பணம் தருகிறேன், ஆனால் கடைக்கு நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். "அக்கா, இது என்ன புடவைக் கடையா?" என்றான் தம்பி. ஒரு நாவலை மொழிபெயர்த்த கூலியில் பாதி அதற்குப் போகவிருந்தது. வருவதற்கு எனக்கு உரிமை இருந்தது.

தம்பியின் யோசனை எளிமையானது: தடிமனான தண்டு. இஎன்24 என்கிற நிக்கல்-குரோமியம் கலந்த எஃகில் லேத்தில் கடைந்து வாங்கிவிடலாம். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 25 மில்லிமீட்டரை 28 ஆக்கினாலே 40 சதவிகிதம் லாபம். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கில் தப்பில்லை.

மிஸ்திரிஜி தண்டின் முறிந்த இடத்தைச் சுட்டினார். பேரிங் உட்காரும் இடத்தை ஒட்டி முறிந்திருந்தது. "பேரிங்கின் துளை அதே அளவுதானே? இங்கே எப்படித் தடிமனாக்குவாய்?" நடுவில் மட்டும் தடிமனாக்கினால் முறிந்த இடத்துக்கு ஒரு பயனும் இல்லை. தவிர, தண்டு அசையாமல் நின்றால் அதிர்ச்சி உள்ளே போய் கிரவுன்-பினியன் பல்லைத் தின்னும். அது போனால் செலவு பல மடங்கு.

பிறகு அவர் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. நடுப்பகுதியை ஸ்ப்லைன் பற்களின் அடி விட்டத்தைவிடச் சற்றே மெலிதாகக் கடைந்தால் தண்டு அதிக நாள் உழைக்குமாம். முறுக்கு பற்களின் முனையில் குவியாமல் நீளம் முழுக்கப் பரவி, தண்டு ஸ்பிரிங் போலக் கொஞ்சம் திரும்பி மீளும். மெலிந்தால் பலம் என்று சொன்ன ஒருவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை மாயாபுரி. பிரித்துப் போட்ட வண்டிகளிலிருந்து கழற்றிய தண்டுகள் விறகுபோல் அடுக்கியிருந்தன. அசல்தான், விலையும் மலிவு. மிஸ்திரிஜி ஒன்றை எடுத்து விரலால் தடவி, என் விரலையும் அங்கே வைத்தார். பழைய பேரிங்கைக் கழற்றியபோது வளையத்தை வெட்டிய உளி தண்டிலும் பட்டு ஒரு தழும்பு விட்டிருந்தது. அடுத்த விரிசலுக்கு அதுவே பிறப்பிடம். தண்டைத் திரும்ப அடுக்கினோம்.

காஷ்மீரி கேட்டில் வாகன உதிரிபாகங்களுக்கு எல்லா விலையிலும் பெட்டி உண்டு. இரண்டு கடைக்காரர்கள் எங்களை ஏமாற்றப் பார்த்தார்கள் என்பதோடு அந்தக் கதையை முடித்துக்கொள்கிறேன். மூன்றாவது கடையின் சர்தார்ஜி, தண்டின் பல் முனையில் மிஸ்திரிஜி அரம் போட அனுமதித்தார். அரம் கடிக்காமல் வழுக்கியது. மேல்தோல் கெட்டிப்படுத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வேறெங்கும் அரம் படக் கூடாது, அதுவும் தழும்புதான். இடமும் வலமும் நீளம் வேறு என்பதால் இரண்டையும் அளந்து வாங்கினோம். எல்லாம் தொழிற்சாலை அளவு, தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமில்லை.

"இன்னொரு ஜோடியும் எடுங்கள், ஸ்பேர்" என்றார் மிஸ்திரிஜி.

எனக்குச் சட்டென்று சேம அச்சு என்ற சொல் நினைவுக்கு வந்தது. உப்பு வணிகர்கள் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்த அச்சுக்கு ஒப்பிட்டிருக்கிறார்; புறநானூற்றில் 102ஆவது பாட்டு. எம்.ஏ. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கையில் தூக்கிப் பார்த்தது அன்றுதான். நல்ல கனம்.

தம்பி சமாதானமாகவில்லை. அவனை இன்னொன்றுக்கும் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. அழகுக்காக வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அகலச் சக்கரங்களை மாட்டியிருந்தான். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, ஒவ்வொரு சுற்றிலும் தண்டு வளைந்து மீளும் சுமை ஏறும். தண்டைக் கொன்றது பெரும்பாலும் அதுதான் என்பது மிஸ்திரிஜியின் கட்சி. "பழைய சக்கரத்தோடு போனால் சிரிப்பார்கள்" என்றான். மகளைக் கூப்பிட்டு, வைக்கோல் கட்டு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்டேன். கைகளை விரித்துக் காட்டினாள். மறுபேச்சில்லாமல் எழுந்து போய்ச் சக்கரங்களை மாற்றினான்.

மாட்டுவதற்கு முன் தண்டின் நீளத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் நேர்கோடு ஒன்று இழுத்தார் மிஸ்திரிஜி. அடுத்த முறை கழற்றும்போது கோடு சுருண்டிருந்தால் தண்டு நிரந்தரமாக முறுக்கிக்கொண்டது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

மூன்று பந்தயங்கள் முடிந்து போன மாதம் கழற்றினோம். வலது தண்டின் கோடு நேர். இடது தண்டில் பல்லுக்கு அருகே நூலளவு விலகல் இருப்பதாக எனக்குத் தோன்றியது. பெயிண்ட் அடித்தபோதே கை நடுங்கியிருக்கும் என்றான் தம்பி. குழந்தை பள்ளி ஸ்கேலைக் கொண்டுவந்து கோட்டின்மேல் வைத்தாள்.

அவன் ஒன்றும் சொல்லாமல் பரணில் இருந்த ஸ்பேரை இறக்கினான்.